பில்லிங் கவுண்டருக்கு அந்தப் பக்கம்

மதுரை அண்ணாநகர்ப் பக்கம் ஒரு டிபார்ட்மென்டல் ஸ்டோர். மாதத்தின் முதல் ஞாயிறு என்பதால் நான்கு பில்லிங் கவுண்டர்களிலும் வரிசை அரிசி மூட்டைகள் வரை நீண்டிருந்தது. முதலாளி தெரிந்தவர். ஓரமாக நின்று பை பிடித்துக் கொடுத்தபடி வேலையைப் பார்க்க அனுமதித்தார். பில் போடுகிறவர்களைப் பற்றி நமக்கு நிறையக் குறை உண்டு: சிரிப்பதில்லை, முகம் கொடுத்துப் பேசுவதில்லை, சில்லறைக்குப் பதில் மிட்டாயைத் தள்ளுகிறார்கள். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தால், மரியாதையை நாம் தப்பான இடத்தில் தேடிக்கொண்டிருப்பது தெரிகிறது.

முதல் கவுண்டரில் இருந்தவர் வாடிப்பட்டியிலிருந்து வருகிறவர். பல வருடமாக இதே வேலை. ஒருவர் ஐநூறு ரூபாய்த் தாளை நீட்டினார். அதை அவர் உடனே கல்லாவுக்குள் போடவில்லை. "ஐநூறு வாங்கியிருக்கேண்ணே" என்று கேட்கும்படி சொல்லிவிட்டு, தாளைக் கீ-போர்டின் மேல் குறுக்காக வைத்தார். மீதியை எண்ணினார். முதலில் தாள்களைக் கையில் கொடுத்தார். அவர் அதைச் சட்டைப்பையில் வைக்கும்வரை பொறுத்திருந்து, பிறகு நாணயங்களைக் கொடுத்தார். தாள்மேல் சில்லறையை வைத்துக் கொடுத்தால் வழுக்கி விழும், வயதானவர்கள் குனிந்து பொறுக்க வேண்டியிருக்கும். எல்லாம் முடிந்த பிறகுதான் ஐநூறு உள்ளே போனது. "உள்ள போட்டுட்டா இருநூறு குடுத்தாங்களா ஐநூறு குடுத்தாங்களான்னு யாருக்கும் சாட்சி இல்ல சார். வெளிய இருந்தா அவங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி." அவர் சிரித்து நான் பார்க்கவில்லை. ஆனால் வாங்குகிறவரின் பணத்துக்கும் முதுகுக்கும் சேர்த்து இப்படி யோசிப்பதை விடப் பெரிய உபசாரம் எனக்குத் தோன்றவில்லை.

எண்ணெய் பாக்கெட்டின் உறை கசங்கி பார்கோடு விழவில்லை. பதின்மூன்று எண்களையும் கையாலேயே அடித்தார். இந்தியத் தயாரிப்புகளில் பெரும்பாலானவை 890 என்று தொடங்குவதால் அந்த மூன்றுக்குக் கண்ணே தேவைப்படவில்லை. கடைசி எண் சரிபார்ப்பதற்கானது. இடமிருந்து ஒன்றுவிட்டு ஒன்றாக எண்களை ஒன்றாலும் மூன்றாலும் பெருக்கிக் கூட்டி, அதோடு கடைசி எண்ணைச் சேர்த்தால் பத்தால் மீதியின்றி வகுபட வேண்டும். ஓர் எண் மாறினாலும் கணக்கு இடிக்கும், மெஷின் ஏற்காது.

ஆனால் ஒரே சோப்பு இரண்டு முறை ஸ்கேன் ஆகிவிட்டால் மெஷினுக்குத் தெரியாது. அதைக் காதுதான் பிடிக்க வேண்டும். 'பீப்' சத்தத்தை அவர் எண்ணிக்கொண்டே போகிறார் என்பது எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது. கூட்டம் உச்சத்தில் இருந்தபோது அப்படி ஒன்று கூடிவிட்டது. பில்லில் ஏறிய பொருளை நீக்க சூப்பர்வைசர் வந்து பாஸ்வேர்ட் போட வேண்டும். சூப்பர்வைசர் குடோனில் இருந்தார். பின்னால் நின்றவர்கள் முனக ஆரம்பித்தார்கள். நீளமான பில், நாற்பது ரூபாய்ச் சோப்பு ஒன்று கூடியிருப்பதை அந்தக் குடும்பம் வீட்டுக்குப் போயும் கவனித்திருக்காது. அவர் கையை நிறுத்திவிட்டு, "ஒரு சோப்பு கூட ஏறிருச்சுக்கா, எடுத்துட்டுத்தான் பில் தருவேன்" என்றார். "எவ்வளவு நேரம்மா" என்று வரிசையிலிருந்து வந்த அதட்டலுக்குப் பதில் பேசவில்லை. வேலை நேர்மை என்று எதைச் சொல்வதென்று யாராவது கேட்டால் இந்த இரண்டு நிமிடத்தைத்தான் சொல்வேன். திட்டு அவருக்கு, மிச்சமான நாற்பது ரூபாய் வேறொருவருக்கு.

சில்லறை விஷயத்தில் பழி பெரும்பாலும் தவறான ஆளின் மேல் விழுகிறது. பத்து ரூபாய் நாணயத்தை இங்கே இன்னும் பலர் வாங்க மறுக்கிறார்கள். பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே அறிவித்துவிட்டது. கவுண்டரில் இருப்பவர் வாடிக்கையாளர் தரும் நாணயத்தை வாங்கியாக வேண்டும். திருப்பிக் கொடுத்தால் "நோட்டா குடும்மா" என்பார்கள். கல்லாவின் ஒரு தட்டு முழுக்க அதுதான் கிடக்கிறது. ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்களை வங்கியிலிருந்து வாங்கி வைப்பது கடையின் பொறுப்பு. காலையில் அதைக் கொடுக்காமல் மிட்டாய் டப்பாவைக் கொடுத்து உட்கார வைத்தால், அவமரியாதை யாருடையது?

போன் நம்பர் கேட்பதும் அப்படியே. பில்லுக்காக நம்பர் கொடுக்கும்படி வாடிக்கையாளரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் துறை 2023-இல் சொன்னது. வாடிப்பட்டிக்காரர் ஒருமுறை கேட்பார். சொல்லவில்லை என்றால் விட்டுவிடுவார். இரவில் சூப்பர்வைசரிடம் அதற்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டாவது கவுண்டரில் மேலூரிலிருந்து வரும் இளம்பெண். ஒருவர் போனில் பேசியபடியே வந்து, பேசியபடியே பணம் கட்டும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து, போன் திரையை அவள் முகத்துக்கு நேரே காட்டிவிட்டு நகரப் பார்த்தார். "சத்தம் வரட்டும்ணே" என்றாள். "என்ன, ஏமாத்திட்டு ஓடிருவேனா?" என்று கோபம் வந்தது அவருக்கு. "நம்பாம இல்லண்ணே. பெட்டி சொன்னாத்தான் என் கணக்கு முடியும்." பணம் வந்துவிட்டதாக மேடையிலிருந்த ஒலிபெருக்கிப் பெட்டி சொன்னதும் நன்றி சொல்லிப் பையை எடுத்துக் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டு போனார், ஒரு வார்த்தை இல்லை. ரூபாயைக் கையில் தராமல் மேடையில் விட்டெறிகிறவர்களும் வருகிறார்கள். அவள் கை நீண்டிருக்கும்போதே அப்படிச் செய்கிறார்கள். அதில் என்னென்ன பழைய அழுக்கு கலந்திருக்கிறது என்பதை இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இரவு ஷட்டர் பாதி இறங்கிய பின் கல்லாவை எண்ணினார்கள். எந்தத் தாள் எத்தனை என்று ஒரு சீட்டில் எழுதி, கம்ப்யூட்டர் காட்டும் தொகையோடு ஒத்துப்பார்க்க வேண்டும். "குறைஞ்சா சம்பளத்துல பிடிப்பாங்க. கூடுனா கடைக்கு." மேலூர்ப் பெண் சாதாரணமாகச் சொன்னாள். 1936-ஆம் ஆண்டுச் சம்பளப் பட்டுவாடாச் சட்டத்தின்படி, ஊழியரின் கவனக்குறைவால் நேரடியாக ஏற்பட்ட இழப்பு என்றால்தான் பிடிக்க முடிந்தது. அதுவும் அவர் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கொடுத்த பிறகுதான். அதற்குப் பதிலாக வந்திருக்கும் புதிய ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இந்தப் பாதுகாப்பு இருக்கிறது. இங்கே யாரும் யாரையும் கேட்பதில்லை. கணக்கு இடித்தால் மறுபடி எண்ண வேண்டும், அதற்குள் மாட்டுத்தாவணியில் கடைசி டவுன் பஸ் போய்விடும். அந்த நேரத்தில், பத்து இருபது என்றால் கைக்காசைப் போட்டுவிட்டுக் கிளம்புகிறவர்களே அதிகம்.

நான்கு கவுண்டர்களிலும் ஸ்டூல் இருந்தது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் பி. விஜியும் 'பெண்கூட்டு' அமைப்பின் பெண்களும் உட்காரும் உரிமைக்காகப் பல ஆண்டுகள் போராடியதன் பலனாக, கேரளம் 2018-இல் தன் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021-இல் 22-ஏ பிரிவைச் சேர்த்தது: ஊழியர் எல்லோருக்கும் இருக்கை இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் அவர்கள் உட்கார முடிய வேண்டும். சட்டப்படி ஸ்டூல் வந்துவிட்டது. ஆனால் நாள் முழுக்க அதில் யாரும் உட்காரவில்லை. ஏன் என்று வாடிப்பட்டிக்காரரைக் கேட்டேன். உட்கார்ந்து காட்டினார். ஸ்கேனர் மேடை அவர் மார்பு உயரத்துக்கு வந்தது. அரிசிப் பையை இழுக்கக் கை எட்டவில்லை. நின்று வேலை செய்வதற்கென்று போட்ட மேடை அது.

"ஒரு முக்கால் அடி இறக்குனா போதும் சார். உக்காந்தே போடலாம்."

முதலாளியிடம் சொன்னேன். தீபாவளிக்கு முன்னால் கடையைப் புதுப்பிக்கும்போது பார்க்கலாம் என்றார். நான்கு மேடையை இறக்க ஓர் ஆசாரிக்கு எத்தனை நாள் ஆகும், அதைத் தீபாவளி வரைக்கும் ஏன் தள்ள வேண்டும் என்று திரும்பக் கேட்டேன். விசாரித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.