பின்முடியின் கனம்

எரிமேலியிலிருந்து அழுதை, கரிமலை வழியாகப் பம்பைக்குப் போகும் காட்டுப் பாதையைப் பெருவழி என்பார்கள். இரண்டு மூன்று நாள் நடை. அதற்கு மூட்டை கட்டுவதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். பக்தியைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை. காஞ்சிபுரத்தில் தடுக்கி விழுந்தால் கோயில். ஆனாலும் கல்லூரி நாட்களிலேயே அந்தச் சிரத்தை என்னை விட்டுப் போய்விட்டது.

அப்பா பெருவழியில் நடந்தவர். அவர் இறந்து வருஷம் கழிந்ததும் அம்மா அவருடைய இருமுடிப் பையைத் துவைத்து உலர்த்தி என் மேஜைமேல் வைத்தாள். ஒன்றும் சொல்லவில்லை. மாலை போட்டுக்கொண்டேன். பாங்கில் ஏஜண்ட் முதல் பியூன் வரை என்னைச் 'சாமி' என்று கூப்பிடுகிறார்கள். இதுவரை எந்த உத்தியோக உயர்வும் தராத மரியாதை.

ஒரே பைக்கு இரண்டு அறை. முன்முடி தெய்வத்துக்கு: நெய்த்தேங்காய், அரிசி, மஞ்சள். கற்பூரம், சாம்பிராணி, பன்னீர் வேண்டாமென்று 2024இல் திருவிதாங்கூர் தேவஸம் போர்டு சொல்லிவிட்டது. பெரும்பாலும் குப்பைக்குத்தான் போய்க்கொண்டிருந்தனவாம். பின்முடி நடக்கிறவனுக்கு: அவல், பொரி, வெல்லம். தலையில் ஏற்றினால் ஒன்றை மற்றது சாயவிடாமல் பிடித்துக்கொள்கிறது. உருவம், உள்ளடக்கம் என்று நாம் அடித்துக்கொண்டதையெல்லாம் இந்தப் பை பொருட்படுத்தவில்லை.

குருசாமி பிள்ளையார்பாளையத்தில் தறி போட்டிருப்பவர். இழை முடிந்து பழகிய விரல்கள். அவர் போட்ட முடிச்சு ஒரு இழுப்பில் அவிழும், தானாக அவிழாது. நான் வைத்திருந்த தடித்த புத்தகத்தைக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"வழியில தீர்ந்துபோறது எதுவானாலும் வையுங்க சாமி. இது தீராதே."

அவல் தீரும், வெல்லம் தீரும். கரிமலை ஏற்றத்துக்குள் பின்முடி பாதியாகிவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. 1689இல் வடக்கு நோக்கி நடந்த பாஷோவுக்கும் இதே அவஸ்தை. குளிருக்குக் காகித அங்கி, மழைக்கு ஒன்று, மசி, தூரிகை. போதாததற்கு, வழியனுப்பியவர்கள் கொடுத்த பரிசுகள். எறிய மனமில்லாமல் தோள் வலிக்கச் சுமந்தார். அவருக்கு ஒரு குருசாமி இருந்திருக்கலாம்.

பெருவழியில் கனம் கூடும் இடமும் ஒன்று உண்டு. அழுதை ஆற்றில் மூழ்கி ஒரு கல் எடுத்து, அதைக் கல்லிடும் குன்று வரை சுமந்து போய்ப் போட வேண்டும். மகிஷியின் உடலை மூடிய கற்கள் என்று கதை.

நம்பாதவன் முன்முடி சுமப்பது வேஷம் என்று நம்மில் இரண்டு பேராவது சொல்வார்கள். இருமுடி இல்லாமல் பதினெட்டாம் படி ஏற விடமாட்டார்கள். நம்பிக்கை இருக்கிறதா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. யாப்பில் நம்பிக்கை இல்லாமலே வெண்பா எழுதிப் பார்த்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களை யாரும் வேஷக்காரர்கள் என்று சொல்லவில்லை.

புத்தகத்தை எடுத்துவிட்டேன். தேங்காயின் ஒரு கண்ணைத் துளைத்து நீரை வடித்தோம். அம்மா நெய்யை உருக்கி, சிந்தாமல், மெல்ல ஊற்றினாள். தக்கையை குருசாமி அடைத்தார். பிறகு வழக்கப்படி அவள் மூன்று பிடி அரிசி அள்ளி முன்முடியில் போட்டாள். மூன்றாவது பிடி கொஞ்சம் பெரியதாக இருந்தது. குருசாமி பார்த்தார், குறைக்கச் சொல்லவில்லை.