இரண்டாவது பெயர்

தன்பாலினத் திருமண வழக்கில் 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, எழுதியவர்களும் பேசியவர்களும் பெரும்பாலும் திருமணத்தைப் பற்றியே பேசினர். அதே தீர்ப்பு குழந்தையைப் பற்றியும் பேசுகிறது. என்னைப் பொறுத்தவரை அந்தப் பகுதியே மனத்தை அதிகம் தொந்தரவு செய்வது.

2022ஆம் ஆண்டின் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளில் விதி 5(3), குறைந்தது இரண்டாண்டு நிலையான மணவாழ்க்கை நடத்திய தம்பதிக்கே குழந்தையைத் தத்துக் கொடுக்கலாம் என்கிறது. தனியாக வாழும் பெண்ணும் தத்தெடுக்கலாம். ஆணும் எடுக்கலாம், பெண் குழந்தையை மட்டும் கூடாது. மணம் செய்துகொள்ளச் சட்டத்தில் வழியில்லாத இருவர் இருபதாண்டு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்திருந்தாலும் சேர்ந்து விண்ணப்பிக்க இயலாது. ஒருவர் மட்டும் விண்ணப்பிக்கலாமே என்றால், நெடுங்காலத் துணையுடன் சேர்ந்து வாழும் தனிநபரை நிலையான குடும்பத்துக்கு இணையாகக் கருத முடியாது என்று 2022 ஜூனில் காரா சுற்றறிக்கை விடுத்தது. ஆக, வீட்டைப் பார்வையிடச் சமூகப் பணியாளர் வரும் நாளில் ஒருவர் அங்கே இல்லாதவராகிவிட வேண்டும். ஒரு குழந்தையின் வருகை பொய்யிலிருந்தா தொடங்க வேண்டும்?

குழந்தைக்குத் தாயும் தந்தையும் வேண்டும் என்பது வழக்கமான எதிர்வாதம். தனிப்பெண்ணிடம் குழந்தையைக் கொடுக்கும் சட்டம் அந்த வாதத்தை ஏற்கெனவே கைவிட்டுவிட்டது. ஒருவர் போதுமென்றால் இருவர் எப்படி மிகையாவார்கள்?

மரக்காணத்தில் எங்கள் தெருவில் தத்து என்ற சொல்லை நான் கேட்டதில்லை. ஆனால் பிறர் பெற்ற பிள்ளையை வளர்த்தவர்கள் இருந்தார்கள். உப்பளக் கூலிகளான அண்ணியும் நாத்தனாரும் ஒரே வீட்டில் வாழ்ந்தனர். இருவரும் கணவரை இழந்தவர்கள். தாய் தந்தை இருவரையும் இழந்த உறவுக்காரச் சிறுமியை அவர்கள் வளர்த்தார்கள். விடியுமுன் ஒருத்தி உப்பு வாரப் போவாள். மற்றவள் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் பின்னால் போவாள். ஐப்பசி மழையில் பாத்திகள் மூழ்கி வேலை நின்றுவிடும் மாதங்களில் மூவரும் ஒரே பானைக் கஞ்சியைக் குடித்தார்கள். பள்ளிப் பதிவேட்டில் பாதுகாவலராக அண்ணியின் பெயர் மட்டும் இருந்தது. அவள் இறந்த பிறகு, சிறுமிக்கு ஒரு சான்றிதழ் வாங்கப் போன நாத்தனாரிடம், நீ யார் என்று கேட்டார்கள். ஊர்ப் பெரியவர்கள் இருவர் வந்து சாட்சி சொன்னதால் காரியம் நடந்தது.

இதைச் சொல்லி நம் மரபு எவ்வளவு விரிந்தது என்று மகிழ எனக்கு மனம் வரவில்லை. அவர்களுக்கிடையே ஊர் அறிந்த ஓர் உறவுப்பெயர் இருந்தது. அதனால்தான் ஊர் சாட்சிக்கு வந்தது. அவர்கள் காதலால் சேர்ந்து வாழ்ந்த இரு பெண்களாக இருந்திருந்தால் அதே பெரியவர்கள் வந்திருப்பார்களா? வந்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். பெயருள்ள உறவுகளைத்தான் வழக்கம் தாங்கும். பெயரில்லாதவற்றைச் சட்டம்தான் தாங்க வேண்டும்.

சட்டம் தாங்கவில்லை. ஐந்து நீதிபதிகளில் சந்திரசூட்டும் கௌலும் விதி 5(3) பாகுபாடானது என்றனர். மற்ற மூவர் அதை நிலைநிறுத்தினர். ஆனால் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய ரவீந்திர பட்டும், தனியாகத் தத்தெடுத்தவர் பின்னர் துணையுடன் வாழும் குடும்பங்கள் உண்டென்பதையும், எதிர்பாராதது நிகழ்ந்தால் மணமான தம்பதியின் பிள்ளைக்குள்ள பயன்களை அந்தக் குழந்தை இழக்கக்கூடும் என்பதையும் அரசு கருத வேண்டும் என்று குறிப்பிட்டார். விதியைக் காத்தவர் கண்ணிலும் அந்தக் குழந்தை பட்டுவிட்டது. சீராய்வு மனுக்கள் 2025 ஜனவரியில் தள்ளுபடியாயின.

2025 மே மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றம், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியல்ல என்றது. அது தத்தெடுப்பு வழக்கல்ல. எனினும் ஒரு கதவு. தைவான் 2023இல் தன்பாலினத் தம்பதியர் இணைந்து தத்தெடுக்க வழிசெய்தது. தாய்லாந்தில் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருமணச் சட்டமும் அந்த உரிமையைத் தருகிறது.

இங்கே, தத்தெடுத்தவர் இறந்துவிட்டால், பால் காய்ச்சிக் கொடுத்த, காய்ச்சலில் கண்விழித்த மற்றவர் சட்டப்படி அந்நியர். நீதிமன்றம் சென்று பாதுகாவலர் உரிமை கோரலாம்; கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை. அவர் உயில் எழுதாமல் இறந்தால் அவருடைய சொத்தில் குழந்தைக்குப் பங்கில்லை. இதை அந்த இருவரின் உரிமைப் பிரச்சினையாக மட்டும் பார்ப்பது போதாது. தன்னை வளர்த்த இரண்டாமவரின் பெயரும் தன் சான்றிதழில் இருக்க வேண்டும் என்று கேட்க அந்தக் குழந்தைக்கும் உரிமை உண்டு.