மண் போனபின் மிஞ்சும் ஏடுகள்

ஏதென்ஸின் பழைய சந்தைவெளியான அகோராவின் கிழக்கு ஓரத்தில் நீண்டு நிற்கிறது அட்டாலோஸ் மண்டபம். பெர்காமோன் அரசர் இரண்டாம் அட்டாலோஸ் கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் கட்டியது. 1953–56இல் மீண்டும் எழுப்பப்பட்டது. கூட்டமெல்லாம் கீழ்த்தள அருங்காட்சியகத்தில். நான் தேடிப் போனது அகழாய்வின் பதிவேடுகளை.

ஏதென்ஸில் உள்ள அமெரிக்கச் செவ்வியல் ஆய்வுப் பள்ளி இங்கே மண்வெட்டி போட்டது 1931இல். அமெரிக்கச் செல்வந்தர் ராக்ஃபெல்லர் பணம் கொடுத்தார். அகோராவின் மேல் இருந்த நூற்றுக்கணக்கான வீடுகள் இடிக்கப்பட்டன. அன்று தொடங்கிய வேலை இன்னும் நடக்கிறது.

தோண்டிய மண்ணடுக்கைத் திரும்ப அடுக்க முடியாது. அது எந்த ஆழத்தில் இருந்தது, எதன்மேல் படிந்திருந்தது, அதில் என்ன கிடந்தது என்பதெல்லாம் குறிப்பேட்டில் மட்டுமே இருக்கும். அதனால்தான் அகழாய்வுக் குழுவின் லூசி டால்காட் வகுத்த பதிவுமுறையை அகோராவின் உயிர்நாடி என்று சொல்லத் தோன்றுகிறது. பானைக்கு ஓர் எழுத்து, கல்வெட்டுக்கு ஓர் எழுத்து; அதன் பக்கத்தில் வரிசை எண். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பதிவட்டை. அட்டையிலிருந்து குறிப்பேட்டின் பக்கத்துக்குப் போகலாம், அங்கிருந்து, பொருள் கிடைத்த குழிக்கே போகலாம்.

இந்தத் தொடர்பு அறுந்தால் என்ன போகும்? ஏதென்ஸின் கோட்டைக்குன்றான அக்ரோபொலிஸின் வடசரிவில், ஒரு கிணற்றிலிருந்து பண்டைய ஏதென்ஸ் தலைவர் தெமிஸ்டோக்ளிஸின் பெயர் கீறிய 190 ஓட்டுச்சில்லுகளைத் தொல்லியலாளர் ஆஸ்கர் புரோனியர் 1937இல் எடுத்தார். நாடுகடத்த வேண்டியவரின் பெயரை ஓட்டில் கீறிப் போடுவது அன்றைய வாக்குமுறை. எழுத்தை ஒப்பிட்டால், அத்தனையையும் எழுதியவை சுமார் 14 கைகளே. எதிரணியினர் முன்கூட்டியே எழுதி வைத்த வாக்குகள் என்று ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தார்கள். அவை ஒரே கிணற்றில் சேர்ந்து கிடந்தன என்ற பதிவு இல்லாவிட்டால், தனித்தனிப் பெட்டிகளில் உடைந்த ஓடுகளாகத்தான் இருந்திருக்கும்.

புகைப்படமும் அப்படியே. தொல்லியலாளர் கார்ல் பிளெகன் 1939இல் கிரேக்கத்தின் பைலோஸில் கண்டெடுத்த, எழுத்துப் பொறித்த களிமண் பலகைகளை, அகோராவின் புகைப்படக் கலைஞர் அலிசன் ஃபிரான்ட்ஸ் படம் பிடித்தார். போர்க்காலத்தில் பலகைகள் வங்கிப் பெட்டகத்துக்குள் போயின. படங்களை வைத்தே எம்மெட் பென்னெட் 1951இல் அவற்றின் எழுத்துகளை வெளியிட்டார். மறு ஆண்டே மைக்கேல் வென்ட்ரிஸ் அந்தப் பலகைகளின் லீனியர் பி எழுத்தைப் படித்துவிட்டார்.

இத்தகைய காகிதத்தையும் படத்தையும் காப்பது பொறுமையான கைவேலை. பழுப்பேறும் தாளை அமிலமில்லாத உறைக்கு மாற்ற வேண்டும். துருப்பிடித்த ஊசியைத் தாள் கிழியாமல் கழற்ற வேண்டும். அந்தக் காலத்து நைட்ரேட் படச்சுருள் நாளடைவில் சிதையும், எளிதில் தீப்பிடிக்கும். குளிரில் தனியாக வைக்க வேண்டும். ஸ்கேன் செய்பவர் பக்கத்தைப் படம் எடுத்தால் மட்டும் போதாது. பக்க எண், பொருள் எண், குழியின் பெயர் மூன்றும் பிசகாமல் இணைய வேண்டும். ஓர் எண் தவறினால் பொருள் தன் இடத்தை இழக்கும்.

அகோராவின் குறிப்பேடுகளும் அட்டைகளும் படங்களும் இன்று இணையத்தில் எவரும் படிக்கக் கிடைக்கின்றன. களத்தில் இப்போது ஐபேடில் எழுதுகிறார்கள். அந்தக் கோப்புகளையும் வெவ்வேறு இடங்களில் பிரதியெடுத்து, மென்பொருள் மாறும்போதெல்லாம் புது வடிவத்துக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கோடைதோறும் புதிய குழிகள் திறப்பதால் காப்பகத்தின் வேலையும் கூடிக்கொண்டே போகிறது. அகழாய்வுக்குப் பணம் ஒதுக்குபவர்கள், தோண்டும் கூலியோடு இந்தக் கைகளின் கூலியையும் முதல் நாளிலேயே கணக்கில் சேர்க்க வேண்டும்.