பிடிக்க முடியாத கம்பி

விருதுநகரிலிருந்து சிவகாசி நோக்கிச் செல்லும்போது, கரிசல் வெளியில் தள்ளித் தள்ளி நிற்கும் சிற்றறைகளைக் காண்கிறோம். ஓரறையில் பற்றும் தீ அடுத்ததற்குத் தாவாதிருக்கவே பட்டாசு ஆலைகளில் இவ்விடைவெளி. ஆயினும் 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் சுமார் 40 பேர் மாண்டனர். மாண்டோரை நாடறிந்தது, பிழைத்தோரை யார் நினைக்கிறார்கள்?

தீப்புண் ஆறுகையில் தோல் சுருங்கி, விரல்கள் மடங்கிப்போவதுண்டு. அத்தகையோர் பேருந்தின் கம்பியைப் பற்றி ஏறுவது எங்ஙனம்? சாதாரண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிக்கும் துணைவரும் ஒருவருக்கும் 2021 முதல் கட்டணமில்லை. நல்ல ஏற்பாடே. ஆனால் படியேற இயலாதவருக்கு இலவசச் சீட்டால் யாது பயன்? வாடகை ஆட்டோவைத்தான் நாட வேண்டும்; மருத்துவமனைக்குப் போய்வருவதற்குள் கூலியில் கணிசமான பங்கு கரைந்துவிடும்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 41-ஆம் பிரிவில், எல்லாவகைப் போக்குவரத்தும் இவர்களுக்கு ஏற்றதாய் அமைய வேண்டும் என்கிறது. இயலுமிடத்துப் பழைய வாகனங்களையும் திருத்தியமைக்கச் சொல்கிறது. சென்னைச் சாலைகளுக்குப் புதிய தாழ்தளப் பேருந்துகள் 2024-இல் வந்தன. கந்தகபூமியின் தேவையோ இன்னும் எளியது. ஆட்டோ, டாக்சிகளுக்கு அனுமதி வழங்குகையில், நிலையத்துக்குச் சில வண்டிகளிலேனும் முழங்கையால் அணைத்துக்கொள்ளத்தக்க தடித்த கம்பியொன்று இருக்கவேண்டுமென விதிக்கலாகாதா? எந்த வெல்டிங் பட்டறையிலும் செய்துவிடக்கூடிய வேலைதான் அது.