உண்மை நகல்



டெல்லி கோல் மார்க்கெட்டில், 1921இல் கட்டப்பட்ட அந்த வட்டச் சந்தைக்கு அருகே வசிக்கும் ஒரு தாயார் என்னிடம் வந்தார். "ஐயா, 'வேலிடேஷன்' என்றால் என்ன? 'எனக்கு அறிவுரை வேண்டாம், வேலிடேஷன்தான் வேண்டும்' என்று சொல்லிவிட்டு, மகள் இரண்டு நாட்களாக என்னோடு பேசவில்லை" என்றார்.

மகள் திருநெல்வேலியிலிருந்து வந்து ஓராண்டே ஆகிறது. கல்லூரியில் அவள் பேசும் இந்தியைக் கேட்டு மற்றவர்கள் நகைக்கிறார்களாம். தாயாரோ, "இதெல்லாம் ஒரு காரியமா? ஜெபித்துவிட்டுப் படி" என்றிருக்கிறார்.

"பிள்ளை பாராட்டை எதிர்பார்க்கிறாள், இடங்கொடாதீர்கள்" என்று அவசரப்பட்டுப் பதிலளித்தேன். அது தவறு என்பதை அன்றிரவே உணர்ந்தேன்.

அச்சொல்லின் வேர், 'வலிமையுள்ள' என்று பொருள்படும் லத்தீன் சொல். ஓர் ஒப்பந்தமோ பத்திரமோ செல்லும் என உறுதிப்படுத்துவதை ஆங்கிலத்தில் அப்படிச் சொல்வார்கள். நாம் 'செல்லுபடி' என்கிறோம். பிற்காலத்தில் உளவியலார் அதனை மனித உணர்வுகளுக்கும் வழங்கினர். மார்ஷா லினஹன் என்னும் அமெரிக்க உளவியலறிஞர், 1993இல் வெளியான தமது நூலில் அதனைச் சிகிச்சையின் முக்கிய அங்கமாக்கினார். ஒருவருடைய வேதனை மெய்யானது என்று ஏற்பது வேறு. அவர் செய்வதெல்லாம் சரி என்று ஒப்புக்கொள்வது வேறு.

இதை எனக்கு விளக்கியது ஒரு பழைய நினைவு. 1990களில், சான்றிதழ் நகல்களுடன் கோல் மார்க்கெட் அரசுக் குடியிருப்பில் ஒரு கெஜட்டட் அதிகாரியின் வாசலில் நின்றேன். சுயசான்றொப்பம் பரவலாக ஏற்கப்படுவதற்கு முன், நம்மில் பலரும் அப்படி நின்றவர்களே. அவர் மூலத்தோடு ஒப்பிட்டு, உண்மை நகல் என்று முத்திரையிட்டார். என் மதிப்பெண்களை அவர் புகழவுமில்லை, குறைகூறவுமில்லை. உள்ளதை உள்ளதென்றார், அவ்வளவே.

அந்த மகளுக்கு வேண்டியதும் அம்முத்திரையே. யோபின் சிநேகிதர்கள் ஏழு நாள் அவனோடு தரையில் மௌனமாய் உட்கார்ந்திருந்தபோது அதைக் கொடுத்தார்கள். வாய்திறந்து காரணம் சொல்லத் தொடங்கியபோது அதைப் பறித்துக்கொண்டார்கள்.

மறுநாள் அத்தாயாரிடம் மன்னிப்புக் கேட்டேன். "அறிவுரையைப் பிறகு சொல்லலாம். முதலில், 'அவர்கள் சிரித்தது உனக்கு எவ்வளவு வலித்திருக்கும்' என்று மட்டும் சொல்லுங்கள்" என்றேன். அப்படியே சொன்னாராம். மகள் வெகுநேரம் அழுதாளாம். பின்பு இருவரும் சேர்ந்து சாப்பிட்டார்களாம்.

அன்பானவர்களே, உங்கள் வீட்டிலும் ஒருவர் தம் வேதனையைக் கையில் ஏந்தி நிற்கக்கூடும். அவரைத் திருத்துமுன், ஒருமுறை அதை வாங்கிப் பாருங்கள்.