படுவான்கரைக்குப் போகும் பழைய ஜீப்

காலை ஆறு மணிக்கு மண்முனைப் பாலத்தில் ஏறினால் சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் இருக்கும். இரு பக்கமும் வாவி. தோணிகளில் நின்றபடி வலை வீசுவோர், கண்ணா மரங்களின் மேல் கொக்குகள், தூரத்தில் கொக்கட்டிச்சோலையின் தென்னைகள். பாலத்தைக் கடந்து ஐந்து நிமிடத்தில் வயல் தொடங்கிவிடும். எமது பழைய லாண்ட் ரோவரில் இந்த வழியால் போகும்போதெல்லாம் எதிரே வருபவர்கள் கையசைப்பார்கள். எனக்கல்ல, வண்டிக்கு. அது எனக்கு முதலே அவர்களுக்குத் தெரிந்த ஆள்.

வெளியூர் வாசகியருக்காக ஒரு வார்த்தை. மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காகச் சுமார் 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட கிழக்குக் கரையை எழுவான்கரை என்போம். சூரியன் எழும் பக்கம். மேற்குக் கரை, சூரியன் படும் பக்கம், படுவான்கரை. பட்டணம், பெரிய பாடசாலைகள், பெரிய ஆஸ்பத்திரி எல்லாம் எழுவான்கரையில். நெல்லும் தயிரும் விறகும் படுவான்கரையில். மண்முனைப் பாலம் யப்பானின் உதவியுடன் கட்டப்பட்டு 2014இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன்னர் அந்த இடத்தில் 'பாதை'யில் ஏறித்தான் வாவியைக் கடப்போம். பாதை என்றால் வீதியல்ல. வண்டி, மாடு, மனிதர் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு மிதந்து போகும் தட்டையான படகு.

எங்கள் ஊர் கொக்கட்டிச்சோலைக்கும் மேற்கே, வட்டைகளுக்கு நடுவில் இருக்கும் சின்னக் கிராமம். அப்பப்பா ஊரில் ஒரு போடியார். 1960களின் கடைசியில், வயலுக்கும் வாடிக்கும் போய்வர அந்த லாண்ட் ரோவரை வாங்கினார். இலக்கத் தகட்டில் இன்றைக்கும் 'ஸ்ரீ' இருக்கிறது. 1978 நவம்பர் 23 சூறாவளியில் வளவு மாமரம் அதன் தலையில் விழுந்தது. கூரையில் அந்தப் பள்ளம் இன்னும் உண்டு. அப்பா அதைத் தட்டி நிமிர்த்த விடவில்லை. "மரம் வண்டியில விழாட்டி வீட்டில விழுந்திருக்கும்" என்பார்.

இந்த வண்டியின் பிறப்பும் ஒரு கடற்கரையில்தான். இரண்டாம் உலகப் போர் முடிந்து, பிரித்தானியாவில் இரும்புத் தகட்டுக்குத் தட்டுப்பாடு இருந்த காலம். ரோவர் கம்பனியின் பொறியியலாளர் மொரிஸ் வில்க்ஸ் 1947இல் வேல்ஸ் நாட்டின் ஆங்கிள்சி தீவுக் கடற்கரை மணலில் இதன் படத்தை வரைந்து காட்டினார் என்பார்கள். 1948 ஏப்ரல் 30ஆம் திகதி அம்ஸ்ரடாம் வாகனக் கண்காட்சியில் முதலாவது லாண்ட் ரோவர் வைக்கப்பட்டது. இரும்பு கிடைக்காததால் உடம்பை அலுமினியக் கலவையில் செய்தார்கள். கமக்காரனுக்கென்று செய்த வண்டி உலகமெல்லாம் போனது. இந்தியாவின் டார்ஜிலிங் மலையில், மானேபஞ்சாங்கிலிருந்து சந்தக்பூ உச்சிக்கு ஏறும் கல்வழியில், 1950களில் செய்த லாண்ட் ரோவர்கள் பல பத்தாண்டுகளாக ஆட்களை ஏற்றிப் போயிருக்கின்றன. அந்தப் பழைய வடிவத்தின் கடைசி வண்டி 2016 ஜனவரியில் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது.

அலுமினிய உடம்பு துருப்பிடிக்காது என்று நாங்கள் பெருமைப்பட்டோம். ஆனால் அந்த உடம்பைத் தாங்கும் செசி இரும்பு. இரும்பும் அலுமினியமும் தொடும் இடத்தில் உப்பு ஈரம் பட்டால் அலுமினியம் வெள்ளைத் தூளாக உதிரும். இரும்பு உள்ளுக்குள்ளே அரிபடும். வாவித் தண்ணீர் உவர். ஆகவே இறங்குதுறையில் சில்லு நனைந்து வந்தால் அப்பா கிணற்றடியில் நிறுத்தி, நாலு வாளி நல்ல தண்ணீர் அடிக்காமல் சோற்றில் கை வைக்கமாட்டார். வாளி அள்ளிக் கொடுப்பது என் வேலை. அண்ணாவுக்கு ஸ்டியரிங், எனக்கு வாளி. அப்படித்தான் வளர்ந்தோம்.

அப்பா 2009இல் காலமானார். வண்டி அண்ணாவின் கைக்கு வந்தது. அவரும் ஆசையாகத்தான் செய்தார். பெரிய டயர் போட்டார். முன்னால் நாலு விளக்கு, தடித்த பம்பர். காற்றைக் கூரை உயரத்திலிருந்து இழுக்கும் 'ஸ்நோர்க்கல்' குழாய். படம் எடுத்தால் அழகு. ஊர்ப் பொடியன்கள் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். "இனி எந்த வெள்ளத்திலயும் இறக்கலாம்" என்றார் அண்ணா. நாங்களும் நம்பினோம்.

2011 ஜனவரி வெள்ளத்தை எமது மாவட்டத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். நாட்டில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டவர்களைப் பாதித்த வெள்ளம் அது, மட்டக்களப்புக்குத்தான் பேரடி. அந்தக் கிழமையில் மாமியின் மகளுக்கு, என் மச்சாளுக்கு, நாள் வருமுன்னே வயிற்றுக்குத்து எடுத்தது. தலைப்பிள்ளை. அண்ணா வண்டியை எடுத்தார். பின்னால் மாமியும் நானும் மச்சாளைப் பிடித்துக்கொண்டு இருந்தோம். ஊரைவிட்டு வெளியேறும் இடத்தில் ஒரு தாம்போதி உண்டு. அதன்மேல் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அண்ணா இறக்கினார்.

இஞ்சின் நிற்கவில்லை. டீசல் இஞ்சினுக்குத் தீப்பொறி தேவையில்லை. காற்று கிடைத்தால் ஓடும். காற்றுக்குக் குழாய் இருந்தது. ஆனால் நடுவில் போனதும் இஞ்சின் அலறியது, சில்லு சுழலவில்லை. கிளச் வழுக்கியது. எவ்வளவு மிதித்தாலும் வண்டி அசையவில்லை. தண்ணீர் காலடிக்கு வந்தது. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அங்கேயே கிடந்தோம். கடைசியில் உழவு மிசின் வந்து கயிறு கட்டி இழுத்தது. பிறகு தோணியில் வாவியைக் கடந்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது பட்டுவிட்டது. மச்சாள் பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை.

சுணங்கியதால்தான் என்று டொக்டர் சொல்லவில்லை. முன்னரே வந்திருந்தாலும் சொல்ல முடியாது என்றார். மச்சாளும் எங்களை ஒரு சொல் சொன்னதில்லை. ஆனால் அண்ணா அதற்குப் பிறகு அந்த வண்டியில் ஏறவில்லை. இரும்பு விலைக்குக் கொடுக்கப் போனார். நான்தான் மறித்தேன். என்ன நடந்தது என்று தெரியாமல் அதை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

பட்டணத்தில் ஒரு கராஜில் கேட்டேன். "கிளச் பழசு, மாத்துங்க" என்று காசு வாங்கி மாற்றினார்கள். ஏன் வழுக்கியது என்று சொல்லவில்லை. "பொம்பிளைப் புள்ளைக்கு இதெல்லாம் என்னத்துக்கு" என்று சிரித்தார்கள். அப்பாவின் காலத்தில் வேலை செய்த வயோதிப மெக்கானிக் ஒருவர் எழுவான்கரையில் இருந்தார். அவர் வண்டியின் கீழே படுத்துப் பார்த்துவிட்டு, கிளச் பெட்டியின் அடியில் என் சுண்டுவிரல் போகும் அளவு துவாரம் ஒன்றைத் தொட்டுக் காட்டினார். கசியும் ஒயில் கிளச்சில் படாமல் வெளியே வடியவென்று வைத்த துவாரம். தண்ணீரில் இறக்குமுன் அதற்குத் திருகு மூடி போடவேண்டும். வெளியே வந்ததும் கழற்றவேண்டும். "உன்ர அப்பா மாரிக்கு முதல் இதைப் போடாம இருக்கமாட்டாரே" என்றார்.

வீட்டுக்கு வந்து அப்பாவின் மாப்பேணியைக் கொட்டினேன். நட்டுகளுக்கும் ஆணிகளுக்கும் நடுவில், கிரீஸ் பூசி, கடதாசியில் சுற்றி, அந்த மூடி இருந்தது. அன்றைக்கு இரவு நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்.

அதற்குப் பிறகுதான் படித்தேன். கிழமைக்கொரு நாள் அந்த ஐயாவின் கொட்டிலுக்குப் போனேன். பாவாடையில் ஒயில் படும் என்று பழைய காற்சட்டை போட்டேன். அவர் சொல்லித் தந்தவற்றில் சிலவற்றை இங்கே எழுதுகிறேன். வீட்டில் பழைய ஜீப்போ, 'டபிள் கப்' வாகனமோ வைத்திருக்கும் சகோதரிகளுக்கு உதவும்.

ஓடி வந்த வண்டியின் அக்சில் சூடாக இருக்கும். அந்தச் சூட்டோடு குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். ஆகவே அக்சிலின் மூச்சுத் துவாரத்தில் ஒரு ரப்பர் குழாயைப் பொருத்தி, மேலே இஞ்சின் பக்கம் உயர்த்திக் கட்டவேண்டும். சில நூறு ரூபாய் வேலை. வெளியே இருந்து பார்த்தால் தெரியாது.

தண்ணீரில் இறங்கி வந்தால் மறுநாள் அக்சில் ஒயிலைக் கொஞ்சம் வடித்துப் பார்க்கவேண்டும். பால்தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. உடனே மாற்றவேண்டும், விட்டால் பல்லுச் சக்கரம் தேய்ந்துவிடும்.

பழைய வண்டிகளின் டிரம் பிரேக் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். கரையேறியதும் மிதிகட்டையை மெல்ல அழுத்தியபடி கொஞ்சத் தூரம் ஓட்டினால் காயும். அதைச் செய்யாமல் வேகம் எடுப்பது ஆபத்து.

பெரிய டயர் நல்லதுதான் என்று எல்லோரும் நினைக்கிறோம். அளவுக்கு மிஞ்சிய டயர் பிரேக்கின் பிடியைக் குறைக்கும்; உள்ளேயுள்ள அச்சுக் கம்பியை முறிக்கும். எமது மாதிரிப் பழைய வண்டிகளில் பின் அச்சுக் கம்பி முறிவது பேர்போன வியாதி. நான் பழைய அளவு டயரையே திரும்பப் போட்டேன். கடற்கரை மணலில் போகவேண்டுமென்றால் டயரைப் பெரிதாக்கத் தேவையில்லை. காற்றைக் குறைத்தால் அது பரந்து மணலில் மிதக்கும். தார் வீதிக்கு ஏறுமுன் மறக்காமல் காற்றை நிரப்பவேண்டும்.

சிவப்புக் குமிழ்த் தடியைப் பின்னுக்கு இழுத்தால் நாலு சில்லும் மெதுவான கியரில் சுழலும். தண்ணீருக்கு முன்னரே அதைப் போட்டுவிட்டு, ஒரே கியரில், நடக்கும் வேகத்தில் போகவேண்டும். நடுவில் கியர் மாற்றக்கூடாது.

அண்ணாவின் ஸ்நோர்க்கலைக் கழற்றவில்லை. இஞ்சின் தண்ணீர் குடித்தால் உள்ளே கம்பி வளைந்துவிடும், ஆகவே அது பயனுள்ளதுதான். விளக்கில் இரண்டைக் கழற்றினேன். பின்னிருக்கையை ஒரு ஆள் நீட்டிப் படுக்கும் அளவுக்குப் பலகை போட்டு மாற்றினேன். முன்னும் பின்னும் இழுவைக் கொக்கி, ஒரு நல்ல கயிறு. வாகனத்தின் அமைப்பை மாற்றினால் பதிவுக்கு ஒத்துப்போகிறதா என்று மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரித்துக்கொள்ளவேண்டும் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அந்த ஆண்டுகளில் பழைய வண்டியின் பெறுமதி எல்லோருக்கும் தெரிந்தது. விலைக்குக் கேட்டு எத்தனையோ பேர் வந்தார்கள். நான் கொடுக்கவில்லை.

கடைசியாக இன்னொன்று வைத்திருக்கிறேன். அது வண்டியின் பாகமே அல்ல. ஒரு கம்பு. ஒரு அடியில் மஞ்சள் கோடு, அரை மீற்றரில் சிவப்புக் கோடு. எமது வண்டி நின்ற தண்ணீரில் சுமார் அரை மீற்றர் தாங்கும். ஓடும் தண்ணீரின் கணக்கு வேறு. ஒரு அடி ஓட்டமே சிறிய காரைத் தூக்கும். இரண்டடி ஓட்டம் பெரிய வாகனத்தையும் இழுத்துப் போகும். தாம்போதியில் முதலில் இறங்கவேண்டியது வண்டியல்ல, கம்பு.

2024 நவம்பர் கடைசியில் மறுபடி வெள்ளம். மாமிக்குச் சுகமில்லை என்று நான் வண்டியோடு ஊருக்குப் போயிருந்தேன். 26ஆம் திகதி, வாவிக்குத் தெற்கே அம்பாறை மாவட்டத்தில், காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியில் மதரஸா மாணவர்களை ஏற்றிவந்த உழவு மிசின் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது. பிள்ளைகள் உட்படப் பலர் உயிரிழந்தார்கள். எத்தனை உயரமான சில்லு மிசினுக்கு! ஊரே பேச்சிழந்து இருந்தது.

அடுத்த நாள் இரவு மாமிக்கு மூச்சு முட்டியது. பின்னால் பலகையில் படுக்கவைத்தோம். முன்னால் என் பக்கத்தில் மச்சாள். மூடி போட்டிருந்தேன், குழாய், ஒயில், பிரேக் எல்லாம் சரி. வண்டியில் ஒரு குறையும் இல்லை. அதே தாம்போதி. நான் இறங்கி, கயிற்றை இடுப்பில் கட்டி, கம்பை ஊன்றினேன். தண்ணீர் மஞ்சள் கோட்டைத் தாண்டி, சிவப்புக்குக் கீழே நின்றது. ஆனால் கம்பு கையில் நடுங்கியது. அவ்வளவு இழுவை.

திரும்பி வந்து ஸ்டியரிங்கில் கை வைத்தபடி இருந்தேன். பின்னால் மாமியின் மூச்சுச் சத்தம் கேட்கிறது. போய்விடலாம் என்றுதான் என் மனம் சொன்னது. இத்தனை வருடம் இதற்காகத்தானே ஆயத்தம் செய்தேன்!

"கிறுகுங்க மச்சாள்" என்றாள் அவள்.

கிறுகுதல் என்றால் எங்கள் பக்கத்தில் திரும்புதல். அந்த இடத்தில் அந்தச் சொல்லைச் சொல்ல அவளைவிட உரிமை உள்ளவர் யார்? நான் கிறுகினேன்.

ஊருக்குள் வந்து தொலைபேசியில் கூப்பிட்டோம். தோணிக்காரர் ஒருவர் இஞ்சின் தோணியோடு வந்தார். மாமியைத் தலையணையில் சாய்த்து, ஓட்டம் குறைந்த இடமாகப் பார்த்து, வட்டைக்கு மேலாலேயே கொண்டுபோனோம். அக்கரையில் ஓட்டோ காத்து நின்றது. விடியுமுன் பாலத்தைக் கடந்து மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் சேர்த்துவிட்டோம். மாமி பத்து நாளில் வீட்டுக்கு வந்தார். இப்போதும் திண்ணையில் இருந்து வெற்றிலை இடிக்கிறார்.

விடிந்ததும் தாம்போதியைப் போய்ப் பார்த்தோம். நடுவில் ஒரு பக்கக் கட்டு இடிந்து, இரவில் கண்ணுக்குத் தெரியாத பள்ளம் ஒன்று விழுந்திருந்தது. மச்சாள் ஒன்றும் பேசவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இந்த வருடமும் புரட்டாதி முடியுமுன் வண்டியின் கீழே பாய் விரித்துப் படுப்பேன். மாப்பேணியை எடுத்துத் தருவது இப்போது மச்சாளின் இளைய மகள். வெள்ளத்திற்குப் பிறகு பிறந்தவள், பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். போன முறை மூடியைத் திருகிக் கொடுத்தவளும் அவள்தான். "மாமி, எல்லாம் போட்டாச்சு, இனி வெள்ளத்தில இறக்கலாமா?" என்று கேட்டாள்.

"முதல்ல கம்பை எடு, புள்ள" என்றேன்.