தோற்றவர் பெயரால்

பரணி நூல்களுக்குத் தோற்றவர் பெயரால் தலைப்பிடுவது மரபு. வென்றவன் குலோத்துங்கன், படை நடத்திச் சென்றவன் கருணாகரத் தொண்டைமான், நூலின் பெயரோ கலிங்கத்துப்பரணி. ஒட்டக்கூத்தரும் வேள்வி அழிந்துபோன தக்கனின் பெயரில்தான் தக்கயாகப்பரணி பாடினார். ஆண்டுதோறும் வகுப்பில் இதைச் சொல்கையில் யாரேனும் ஒரு மாணவர் 'ஏன் சார்?' என்று கேட்பதும், நாங்கள் பாட்டியல் நூல்களின் பக்கம் கைகாட்டி நழுவுவதும் வழக்கம். அண்மைக் காலமாக அந்தக் கேள்வி எங்களை விடாமல் துரத்துகிறது. காரணம் இலக்கியம் அன்று. ஒரு கால்பந்து அணி.

சென்னையின் எஃப்சி என்ற அந்த அணியை அதன் முதல் பருவமான 2014 முதல் நாங்கள் தொடர்ந்து வருகிறோம். நாங்கள் என்றால் ஐவர். கல்லூரியில் தமிழ் கற்பிப்போர் இருவர், வங்கி ஊழியர் ஒருவர், மருந்து விற்பனைப் பிரதிநிதி ஒருவர், திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர். சேக்கிழார் பிறந்த குன்றத்தூருக்கும் ஆழ்வார் பாடிய திருநீர்மலைக்கும் இடையில் கிடக்கும் எங்கள் ஊரில் கால்பந்தைக் குறித்துப் பேச வேறு ஆள் கிடையாது. ஆட்டம் உள்ள நாள்களில் இருசக்கர வண்டிகளைப் பல்லாவரம் நிலையத்தில் நிறுத்திவிட்டு, மின்தொடர் வண்டியில் பூங்கா நிலையம் வரை சென்று, அங்கிருந்து பெரியமேடு நேரு விளையாட்டரங்கத்துக்கு நடப்போம். போகும்போது பேச்சு அதிகம். வரும்போது எப்படி என்பது ஆட்டத்தைப் பொறுத்தது.

வெற்றிகளை விரைவாகவே சொல்லி முடித்துவிடலாம். 2014 டிசம்பர் 16 அன்று கேரள அணிக்கு எதிரான அரையிறுதி. முதல் ஆட்டத்தில் கொச்சியில் 0-3 என்று தோற்றிருந்தோம். சென்னையில் 90-ஆம் நிமிடத்தில் ஜேஜே அடித்த கோலால் கணக்கு நேரானது. அரங்கமே எழுந்து நின்றது. கூடுதல் நேரத்தின் 117-ஆம் நிமிடத்தில் பியர்சன் ஒன்று அடித்து எல்லாவற்றையும் முடித்துவைத்தார். 2015-இல் வெள்ளம். செம்பரம்பாக்கத்து உபரிநீர் எங்கள் ஊர் வழியாகத்தான் அடையாற்றைச் சேர்கிறது. பட்டறைக்குள் இடுப்பளவு தண்ணீர். சென்னையில் நடக்கவேண்டிய அரையிறுதியைப் புனேவுக்கு மாற்றினார்கள். மின்சாரம் திரும்பி வந்த சில நாள்களுக்குள், டிசம்பர் 20 அன்று, கோவாவில் இறுதியாட்டம். 87-ஆம் நிமிடத்தில் பின்தங்கி, 90-ஆம் நிமிடத்தில் எதிரணிக் காவலர் கட்டிமணியின் கையாலேயே ஒரு கோல் பெற்று, அடுத்த இரண்டு நிமிடத்தில் மெண்டோசாவால் வென்றோம். சேறு வழிக்கப்படாத பட்டறையில் நின்று அண்ணன் கைப்பேசியில் அதைப் பார்த்தார். 2018 மார்ச் 17 அன்று பெங்களூரில் இரண்டாவது கோப்பை. அதற்கு நான்கு நாள் முன்பு, வியாசர்பாடியில் வளர்ந்த தனபால் கணேஷ் கோவாவுக்கு எதிரான அரையிறுதியில் கோல் அடித்தபோது அருகிலிருந்த முன்பின் அறியாத ஒருவர் எங்களுள் ஒருவரைத் தூக்கிச் சுற்றினார்.

நிற்க. நாங்கள் எழுத வந்தது அதற்குப் பிந்தைய கதை.

2018-19 பருவத்தில் அதே பயிற்சியாளர் ஜான் கிரகரியின் கீழ், நடப்பு வாகையர் என்ற பட்டத்தோடு களமிறங்கிய அணி 18 ஆட்டங்களில் இரண்டை வென்றது; மூன்றைச் சமன் செய்தது; 13-இல் தோற்றது. ஒன்பதே புள்ளிகள். பத்து அணிகளில் பத்தாவது இடம். தனபால் கணேஷ் முழங்கால் காயத்தால் பருவம் முழுதும் ஆடவில்லை. முந்தைய பருவத்தில் 9 கோல் அடித்த ஜேஜேவுக்கு இப்போது ஒன்றே ஒன்று. வேதனையின்மேல் வேடிக்கையாக, அதே பருவத்தில் 'சென்னை சிட்டி' என்று ஊர்ப்பெயர் தாங்கிய மற்றோர் அணி கோயம்புத்தூரில் ஆடி ஐ-லீக் கோப்பையை வென்றது. ஊரின் பெயர் அங்கே வென்றது. ஊரின் அணி இங்கே கடைசி. (அந்த அணியும் பின்னர் இரண்டே பருவங்களில் தேசிய லீக்கிலிருந்து மறைந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

அந்தப் பருவத்தில்தான் எங்கள் பேச்சில் ஒரு மாற்றத்தைக் கவனித்தோம். தமிழில் முன்னிலையாரை உளப்படுத்தும் 'நாம்' ஒன்று, உளப்படுத்தாத 'நாங்கள்' ஒன்று என இரண்டு பன்மைகள் உண்டு. 2018 மார்ச்சில் நாங்கள் ஐவரும் சொன்னது 'நாம் ஜெயித்துவிட்டோம்'. 2018 டிசம்பரில் ஐவருள் நால்வர் சொன்னது 'அவனுக தோத்துட்டானுக'. தன்மை எப்போது படர்க்கை ஆயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. இலக்கணம் கற்பிக்கும் எங்கள் இருவருக்குமே கூட அது தற்செயலாகத்தான் கண்ணில் பட்டது. பட்டறை அண்ணன் ஒருவர் மட்டும் மாறவில்லை. "நேத்தும் தோத்துட்டோம் சார்" என்பார், ஏதோ தம் பட்டறையில் ஓர் உருப்படி அளவு தவறிவிட்டதைப் போல.

ஆட்டத்துக்குச் செல்வோர் எண்ணிக்கையும் குறைந்தது. முதலில் மருந்துப் பிரதிநிதிக்கு வேலை வந்தது. பிறகு வங்கி நண்பருக்கு மூட்டுவலி. 2019 பிப்ரவரி 9, சனிக்கிழமை, பெங்களூருக்கு எதிரான ஆட்டத்துக்கு மூவர்தான் சென்றோம். அவர்கள் அந்த ஆண்டின் கோப்பையை வெல்லப் போகிறவர்கள். நாங்களோ அட்டவணையின் அடிவாரம். 2-1 என்று வென்றோம். ஜேஜேயின் அந்த ஒற்றைக் கோல் அன்றைக்குத்தான். அரங்கில் பெரும்பகுதி காலி. இருந்தவர்கள் போட்ட கூச்சல் எங்களுக்கு 2014 அரையிறுதியைவிடப் பெரிதாகக் கேட்டது. மிகையாக இருக்கலாம், ஆனால் அப்படித்தான் கேட்டது. திரும்பும் வண்டியில் அண்ணன் இருவருக்கும் போன் போட்டு, வராமல் போனதற்காகத் திட்டித் தீர்த்தார்.

தோல்விக்குக் காரணம் கேட்டால் நாங்கள் அனைவரும் ஒரே விடையைத்தான் வைத்திருந்தோம்: பயிற்சியாளர். இரண்டாவது பருவத்தில் கோப்பை தந்த மாட்டரஸி (2006 உலகக்கோப்பை இறுதியில் ஜிதானிடம் தலையால் முட்டு வாங்கியவர்) அடுத்த ஆண்டே எட்டு அணிகளில் ஏழாவதாக முடித்தபோது அவரைத் திட்டினோம். கிரகரி 2019-இல் தொடங்கிய விதம் அதைவிட மோசம். முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு கோல்கூட இல்லை. ஐந்தாவது ஆட்டத்தில்தான், அதுவும் 90 நிமிடம் கடந்தபின், முதல் கோல். நவம்பர் இறுதியில் அவர் விலகினார். அடுத்து வந்த ஓவன் கோய்ல் அதே ஆட்டக்காரர்களைக் கொண்டே அணியை இறுதியாட்டம் வரை இட்டுச் சென்றார். 2020 மார்ச் 14 அன்று, கொரோனாவால் ஆளில்லா அரங்கில், கொல்கத்தாவிடம் 1-3 என்று தோற்றோம். பயிற்சியாளர்தான் எல்லாம் என்ற எங்கள் கொள்கை உறுதிப்பட்டது. கோய்ல் உடனே ஜாம்ஷெட்பூருக்குப் போய்விட்டார்; 15 கோல் அடித்த வால்ஸ்கிஸும் அங்கேயே போனார்; 2021-22-இல் அந்த அணி லீக் கேடயத்தை வென்றது. எங்கள் கொள்கை மேலும் உறுதிப்பட்டது, எரிச்சலோடு.

அடுத்த இரு பருவங்களும் கோவாவில், பார்வையாளர் இல்லாமல். ஹங்கேரியிலிருந்து வந்த லாஸ்லோவின் அணி 20 ஆட்டங்களில் 11-ஐச் சமன் செய்தது. தோல்வியைத் திட்டலாம், சமனை என்ன செய்வது? அடுத்தவர் பாண்டோவிச், தாய்லாந்தில் வாகை சூடி வந்தவர். 2022 பிப்ரவரியில் கோவாவிடம் 0-5 என்று தோற்றதும் அவரை நீக்கினார்கள். எஞ்சிய ஆட்டங்களுக்குப் பொறுப்பேற்றவர் இந்தியன் வங்கிக்கு ஆடிய நம்மூர் சபீர் பாஷா. நெருக்கடியில் மட்டும் நினைவுக்கு வரும் உள்ளூர்க்காரர் என்று வங்கி நண்பர் கசப்போடு சொன்னார். இரண்டு பருவத்திலும் எட்டாம் இடம்.

பாண்டோவிச் நீக்கப்பட்ட செய்தி வந்த இரவில் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் கொண்டாட்டம். ஆசிரியர் இருவரும் அதில் சேர்ந்துகொண்டோம். பிறகு, ஏறத்தாழ ஒரே நேரத்தில், இருவருமே எழுதுவதை நிறுத்திவிட்டோம். அதன் காரணத்தை இங்கே சொல்லியாக வேண்டும்.

2010-11 கல்வியாண்டில் நாங்கள் பணியாற்றும் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநர் பணியிடம் காலியாக இருந்தது. கால்பந்து பார்ப்பவர்கள் என்று யாரோ சொல்லிவிட, கல்லூரி அணியை எங்கள் இருவர் தலையில் கட்டினார்கள். விதிகள் தெரியும், ஆட்டக்காரர் பெயர்கள் தெரியும், பயிற்சி என்றால் என்னவென்று தெரியாது. ஓடச் சொன்னோம், அவர்கள் ஓடினார்கள். இரண்டாவது ஆட்டத்தில் ஏழு கோல் வாங்கினோம். அதில் மூன்று, காவலாக நின்ற பையனின் கைக்குக் கீழே புகுந்தவை. அவன் தாம்பரத்துக்கு அப்பாலிருந்து இரண்டு பேருந்து மாறி வருபவன், கையுறைகூட இரவல். ஆட்டம் முடிந்ததும், மற்றவர்கள் கேட்கும்படி, அடுத்த ஆட்டத்துக்கு நீ வேண்டாம் என்று சொன்னோம். முதல்வருக்கு ஏதோ ஒரு நடவடிக்கை காட்ட வேண்டியிருந்தது. எதிரணியின் பந்துகள் எங்கள் தற்காப்பு வரிசையை ஏன் அவ்வளவு எளிதாகக் கடந்தன என்று எங்களை யாரும் கேட்கவில்லை. அவன் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை முதல் பாடவேளையில் கடைசி வரிசையில் அமர்ந்திருந்தான். நாங்கள் சிலப்பதிகாரத்தில் வழக்குரை காதை நடத்தினோம். அதன்பின் அவன் மைதானத்துக்கு வரவில்லை. அடுத்த ஆட்டத்தில் வேறொருவனை நிறுத்தி ஐந்து கோல் வாங்கினோம். எங்களை யாரும் நீக்கவில்லை.

இந்த நினைவுக்குப் பிறகும் பயிற்சியாளர்களைத் திட்டாமல் இருந்தோம் என்று சொன்னால் பொய். 2022 நவம்பர் 12 அன்று, நீண்ட இடைவெளிக்குப் பின் நேரு அரங்கில், மும்பைக்கு எதிராக 2-0 என்று முன்னிலை பெற்று, 2-6 என்று தோற்றோம். ஜெர்மானியரான பிரடாரிச் எல்லைக்கோட்டருகே கைகளை விரித்து நின்றார். நாங்கள் வாய்விட்டுத் திட்டினோம். ஆனால் காவலரைத் திட்ட மட்டும் வாய் வரவில்லை. அந்தப் பருவத்திலும் எட்டாம் இடம், மூன்றாவது முறையாக. பிரடாரிச்சும் போனார்.

எண்ணிப் பார்த்தால், ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு புதுப் பயிற்சியாளர், அவரவர் விருப்பப்படி புது வெளிநாட்டவர்கள். ஓர் ஆட்டக்காரரின் பெயரை நாங்கள் சரியாக உச்சரிக்கப் பழகும்போது அவர் விமானம் ஏறியிருப்பார். ஒரு பாடத்திட்டத்தை ஆண்டுக்கொருமுறை மாற்றி, ஆசிரியரையும் மாற்றினால் மாணவர் தேர்ச்சி என்னாகும் என்பது எங்களுக்குத் தெரியாததன்று. ஆயினும் பல்கலைக்கழகத்தின்மீது சொல்லத் துணியும் குற்றச்சாட்டை அணி நிருவாகத்தின்மீது சொல்ல எங்களுக்கு நெடுங்காலம் தோன்றவில்லை. களத்தருகே கண்ணுக்குத் தெரியும் ஒரு மனிதர் நின்றுகொண்டிருந்தார். அவரே போதுமானவராக இருந்தார்.

2023-இல் கோய்ல் திரும்பி வந்தார். முதல் பருவத்தில் ஆறாம் இடம், நான்கு ஆண்டுகளுக்குப் பின் வெளியேற்றுச் சுற்று, அதில் கோவாவிடம் 1-2. ஐவரும் மீண்டும் ஒன்றாகப் பல்லாவரத்தில் வண்டி ஏறிய பருவம் அது. அடுத்த பருவத்தில், 2024-25-இல், 13 அணிகளில் பதினோராவது. பயிற்சியாளர்தான் எல்லாம் என்ற கொள்கையை எங்களுக்குத் தந்தவரே அதை எடுத்துக்கொண்டும் போனார். 2025 ஜூலையில் லீக்கையே நிறுத்தி வைத்தார்கள். சம்மேளனத்துக்கும் நடத்துவோருக்கும் இடையிலான ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாததுதான் காரணம். ஆகஸ்டில் கிளிஃபோர்ட் மிராண்டாவைப் பயிற்சியாளராக அறிவித்தார்கள். இடைக்காலப் பொறுப்பாக அன்றி முழுப் பொறுப்போடு இந்த அணிக்கு ஓர் இந்தியர் அமர்த்தப்பட்டது அப்போதுதான். அமர்த்தப்பட்ட நாளில் ஆடுவதற்கு அவருக்கு ஒரு லீக் உறுதியாக இல்லை.

அந்த வாரம் சிட்கோ வாசலில் உள்ள தேநீர்க் கடையில் ஐவரும் கூடினோம். தோற்றவர் பெயரால் பரணி வழங்கும் செய்தியை அண்ணனிடம் சொன்னோம். சற்று யோசித்தார். "அப்ப நம்ம பேர்ல இதுவரைக்கும் எத்தனை பரணி சார் ஆச்சு?" என்றார். வங்கி நண்பர் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். 2016-இல் தொடங்கலாமா, அல்லது பியர்சன் அடித்த அந்த 117-ஆம் நிமிடத்தையும் சேர்க்க வேண்டுமா என்பதில் சண்டை மூண்டது. தேநீர் ஆறிப்போயிற்று. எண்ணிக்கை முடியுமுன் பட்டறையிலிருந்து ஆள் வந்து, எந்திரம் நின்றுவிட்டதென்று அண்ணனை அழைத்துப் போனான்.